வென்ஸ் டவுன்: மலைக்காட்டில் ஒரு பள்ளிக்கூடம்

சிலர் காலைக் காப்பியோடும், சிலர் தூக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டும் இந்த இணைய அரங்கில் சேர்ந்திருக்கிறீர்கள். நன்றி. சீஷெல்ஸ் தீவிலிருந்து ஒருவர் பேசுகிறார் என்றதும் கடற்கரையைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இங்கே எங்களைப் பார்க்க வரும் உறவினர்களும் அப்படித்தான். விமான நிலையத்தில் இறங்கியதும் "எந்த பீச்சுக்குப் போகலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. நான் இரண்டாம் நாளே அவர்களை மலைக்கு அழைத்துப் போய்விடுவேன். போகும் இடம் ஒரு பள்ளிக்கூடம். அதாவது, 1876 முதல் 1889 வரை பள்ளிக்கூடமாக இருந்த ஓர் இடம். இன்று அங்கே பாசி பிடித்த கல் சுவர்கள் மட்டும்தான் இருக்கின்றன. அந்தச் சுவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். மாஹே தீவு வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர் நீளம். நடுவில் முதுகெலும்பு போல மலை. உச்சி 905 மீட்டர். தலைநகர் விக்டோரியா கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து மலையைத் தாண்டி மேற்குக் கரைக்கு இறங்கும் சாலைக்கு சான் சூசி என்று பெயர். பிரெஞ்சில் 'கவலையில்லை' என்று பொருள். கவலையோடு இருந்த ஒருவரையும் பிரிட்டிஷார் இந்தச் சாலையில்தான் குடிவைத்தார்கள். சைப்ரஸ் நாட்டின் பேராயர் மக்காரியோஸை 1956-ல் நாடுகடத்திக் கொண்டுவந்து காவலில் வைத்த மாளிகை இங்கேதான் இருந்தது. அது தனிக் கதை, இன்று வேண்டாம்.

பேருந்து வளைந்து வளைந்து ஏறும். சாலையின் மேட்டுப் பகுதியில், தேசியப் பூங்காக் காட்டுக்குள், 'மிஷன் லாட்ஜ்' என்று பலகை இருக்கும் இடத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து உள்ளே போகும் பாதை அகலமானது, ஏற்றமே இல்லாதது. மூச்சு வாங்காது. முழங்கால் வலி உள்ள என் மாமியாரே போய் வந்தார். காலணி வழுக்காமல் இருந்தால் போதும். மேகம் தினமும் வந்து உட்காரும் உயரம் அது. கீழே விக்டோரியாவில் சட்டை வியர்வையில் ஒட்டும்போது இங்கே சால்வை தேடத் தோன்றும்.

பாதையின் இருபுறமும் ஓங்கிய மரங்கள் நிற்கும். கிரியோல் மொழியில் சாங்தராகோன், 'டிராகனின் ரத்தம்' என்று பொருள். பட்டையில் வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும். தாவரவியலில் இது நம் வேங்கை மரத்தின் உடன்பிறப்பு, ஒரே பேரினம். சங்கப் பாட்டில் குறிஞ்சி நிலத்தில் வரும் வேங்கையின் பங்காளி இந்துமாக் கடலின் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நிழல் தந்து நிற்கிறது. இந்தத் தீவின் மரங்கள் பலவும் நமக்கு உறவுமுறைதான். கடற்கரையில் நிற்கும் தக்கமாக்கா நம் புன்னை. காட்டுக்குள் கீழ்மட்டத்தில் புதர் புதராக இருப்பது இலவங்கப்பட்டை. இலையைக் கசக்கினால் பிரியாணி மணம் வரும். பிரெஞ்சுக்காரர்கள் 1772-ல் இங்கே ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் போட்டார்கள். ஏலம், கிராம்பு, பட்டை என்று டச்சுக்காரரின் ஏகபோகத்தை உடைக்கும் திட்டம். 1780-ல் கடலில் ஒரு கப்பல் தெரிந்ததாம். ஆங்கிலேயக் கப்பல் என்று நினைத்துத் தோட்டத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். நெருங்கி வந்தபின் பார்த்தால் அது பிரெஞ்சுக் கப்பல். தோட்டம் போனது, பட்டை விதைகளைப் பறவைகள் மலை முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்று அதை ஒழிக்க முடியாத களை என்கிறார்கள்.

நடந்து உள்ளே போனால் வலதும் இடதுமாகச் சுவர்களின் அடித்தளங்கள் தெரியத் தொடங்கும். கருங்கல்லும் சுண்ணாம்பும். சில இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் முழங்கால் அளவு. நீண்ட செவ்வகங்களாகத் தெரிபவை பிள்ளைகள் படுத்துறங்கிய கட்டடங்கள், பையன்களுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. பக்கத்தில் குளிக்கும், துவைக்கும் இடங்கள். ஓடு இல்லை, கதவு இல்லை. சுவர் மேலேயே மரம் வேர் விட்டிருக்கிறது. பாதையின் முடிவில், பளிச்சென்று, ஒரு பார்வை மண்டபம். அங்கிருந்து மேற்குக் கரையும், தெரேஸ் தீவும், மலையின் பச்சைச் சரிவும் தெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக மண்டபத்துக்குப் போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்புவார்கள். தவறு சொல்ல மாட்டேன், காட்சி அப்படி. அந்த மண்டபத்தை எழுப்பியதே 1972-ல் பிரிட்டிஷ் ராணி வந்தபோது அவர் இந்தக் காட்சியைப் பார்ப்பதற்காகத்தான். விமான நிலையத்தைத் திறந்து வைக்க வந்தவர் அவர்.

இனி, யார் அந்தப் பிள்ளைகள் என்பதற்கு வருகிறேன்.

சீஷெல்ஸில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1835-ல். ஆனால் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் ஆள் பிடிக்கும் தொழில் அதற்குப் பிறகும் 40 ஆண்டு நடந்தது. இன்றைய மலாவி, மொசாம்பிக், தான்சானியா நாடுகளின் உள்பகுதிகளில் ஊர்களைத் தாக்கி, ஆண் பெண் பிள்ளை என்று பிடித்து, கயிற்றிலும் நுகத்திலும் பூட்டிக் கடற்கரைக்கு நடத்திக் கொண்டுவருவார்கள். கில்வா துறைமுகம், அங்கிருந்து சான்சிபார் சந்தை. அங்கே வாங்கியவர்கள் சான்சிபார், பெம்பா தீவுகளின் கிராம்புத் தோட்டங்களுக்கும் அரேபியாவுக்கும் கொண்டுபோவார்கள். நாம் பாயாசத்திலும் பிரியாணியிலும் போடுகிற கிராம்பு அந்தக் காலத்தில் பெரும்பகுதி அந்தத் தோட்டங்களிலிருந்துதான் உலகுக்கு வந்தது.

பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் இந்தப் பாய்மரக் கலங்களை மறித்துப் பிடித்தன. பிடித்த மாலுமிகளுக்கு அரசு பரிசுப் பணம் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சரி, பிடித்தாயிற்று. நூறும் இருநூறுமாக மனிதர்கள் கையில் இருக்கிறார்கள். அவர்களை எங்கே இறக்குவது? பிடிபட்ட கரையிலேயே விட்டால் மறுவாரம் மறுபடி சந்தைக்கு வந்துவிடுவார்கள். அதனால் தொலைவில் ஒரு பிரிட்டிஷ் மண்ணில் இறக்கினார்கள். ஏடன், பம்பாய், மொரீஷியஸ், பிறகு சீஷெல்ஸ். 1861-ல் லைரா என்ற போர்க்கப்பல் முதல் தொகுதியை மாஹேயில் இறக்கியது. அடுத்த பத்துப் பதின்மூன்று ஆண்டுகளில் இப்படி இறக்கப்பட்டவர்கள் 2,400-க்கும் மேல். அரசுக் காகிதங்களில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: 'விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள்.'

விடுவிக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? தோட்டங்களுக்கு. இறங்கிய கையோடு தென்னந்தோட்ட முதலாளிகளிடம் சில ஆண்டு ஒப்பந்தத்தில் பகிர்ந்து கொடுக்கப்பட்டார்கள். 1835-க்குப் பிறகு ஆள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகளுக்கு இது வராது வந்த மாமணி. அப்போது சீஷெல்ஸ் மொரீஷியசின் கீழ் இருந்த குட்டித் தீவுக்கூட்டம். 1903-ல்தான் தனிக் குடியேற்றமானது. மொரீஷியசின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர்களிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக 1834 முதல் கப்பல் கப்பலாக வந்தார்கள். இங்கே சீஷெல்ஸில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தது கடற்படை பிடித்துக் கொடுத்த மனிதர்கள். ஒரே பேரரசு, ஒரே கடல், ஒரே தேவை. ஒரு வழியில் கங்காணி, இன்னொரு வழியில் போர்க்கப்பல்.

இதைச் சொன்னால் சிலர் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள். "அப்படியானால் அந்தக் கலங்களைப் பிடிக்காமல் விட்டிருக்க வேண்டும் என்கிறாயா?" இல்லை. பிடிக்காமல் விட்டிருந்தால் அவர்கள் பெம்பாவின் கிராம்புத் தோட்டத்தில் அடிமைகளாகச் செத்திருப்பார்கள். ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு தேதி உண்டு, அடிமைத்தனத்துக்குக் கிடையாது. இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஆனால் சங்கிலியை வெட்டியவர்களே வேலைக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கப்பல்களில் பெருந்தொகையாகப் பிள்ளைகள் இருந்தார்கள். சிலருக்குப் பெற்றோர் இதே தீவின் ஏதோ ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். சிலருக்கு யாருமே இல்லை. இவர்களுக்காகத்தான் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்ச் மிஷனரி சங்கம் இந்த மலையில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. வில்லியம் சான்சலர் என்ற பாதிரியார் முன்னின்று நடத்தினார். அரசு 50 ஏக்கர் நிலம் கொடுத்தது. இடத்துக்கு அதற்கு முன் கப்புசின் என்று பெயர். சங்கத்தின் நெடுங்காலச் செயலாளராக இருந்து மறைந்த ஹென்றி வென்னின் நினைவாக 'வென்ஸ் டவுன்' என்று பெயர் வைத்தார்கள். டவுன் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு விடுதிகள், ஒரு பள்ளிக்கூடம், பாதிரியார் வீடு, தோட்டம்.

ஏன் மலைமேல்? நல்ல காற்று, நோய் அண்டாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். கீழே தோட்டங்களில் இருந்த பெற்றோரிடமிருந்தும், பெரும்பான்மையாக இருந்த கத்தோலிக்கரிடமிருந்தும் பிள்ளைகளைத் தள்ளி வைக்க அது வசதியான இடம் என்பதும் கண்கூடு. அந்தக் காட்டுப்பாதையில் அன்று பேருந்து கிடையாது. ஒரு தாய் கீழே கரையோரத் தோட்டத்தில் வேலை முடித்து, மலையேறி, பிள்ளையைப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் திரும்ப வேண்டும் என்றால் எப்படியிருக்கும் என்று நான் அந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

பள்ளியில் என்ன நடந்தது? எழுத்து, கணக்கு, பூகோளம், வேதப் பாடம். மீதி நேரம் கைத்தொழிலும் தோட்ட வேலையும். 'உழைப்பின் வழியே ஒழுக்கம்' என்பது அந்தக் கால மிஷன் பள்ளிகளின் பொதுக் கொள்கை. பள்ளியின் செலவுக்கும் தோட்டம் கைகொடுத்தது. அதில் முக்கியமான பயிர் வனிலா.

வனிலாவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அது மெக்சிகோவின் கொடி. அந்த ஊர்ப் பூச்சிகள் இல்லாத தேசத்தில் கொடி வளரும், பூக்கும், காய்க்காது. பூ ஒருநாள் காலையில் விரியும், மாலைக்குள் வாடிவிடும். அதற்குள் யாராவது கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்று தோட்டக்காரர்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, 1841-ல் ரியூனியன் தீவில் 12 வயது அடிமைச் சிறுவன் ஒருவன் வழி கண்டுபிடித்தான். பெயர் எட்மோன். ஒரு சிறு குச்சி, ஒரு கட்டை விரல், அவ்வளவுதான். இன்றுவரை உலகம் முழுவதும் வனிலாவை அப்படித்தான் சேர்க்கிறார்கள். 1848-ல் அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியஸ் என்று ஒரு குடும்பப் பெயர் கொடுத்தார்கள். கையில் காசு எதுவும் சேராமல் வறுமையில் செத்தான். அந்தச் சிறுவன் கண்டுபிடித்த வேலையைத்தான் 35 ஆண்டு கழித்து, இங்கே, விடுவிக்கப்பட்ட பிள்ளைகள் செய்தார்கள். பூவுக்குப் பூ, காலை வெயில் ஏறுமுன். சிறு விரல்களுக்கு ஏற்ற வேலை.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். என்னை இந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது அதுதான்.

1883-ல் ஓர் ஆங்கிலப் பெண்மணி இந்தத் தீவுக்கு வந்தார். மரியான் நார்த். உலகம் முழுக்கத் தனியாகப் பயணம் செய்து தாவரங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். லண்டன் கியூ தோட்டத்தில் அவர் பெயரிலேயே ஒரு மண்டபம் இருக்கிறது. சுவர் தெரியாமல் 800-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் மாட்டியிருக்கும். லண்டனில் இருக்கும் நண்பர்கள் போய்ப் பாருங்கள். அவர் வென்ஸ் டவுனில் தங்கி ஓவியம் தீட்டினார். இங்கே காட்டில் நிற்கும் கப்புசின் மரத்தையும் வரைந்தார். அந்த மரத்தின் விதை முக்காடு போட்ட கப்புசின் துறவியின் முகம்போல இருப்பதால் அந்தப் பெயர். கியூ தோட்டத்தின் ஜோசஃப் ஹூக்கர் அது அறிவியலுக்குப் புதிய பேரினம் என்று கண்டு, அவரைப் பெருமைப்படுத்தி 'நார்த்தியா' என்று பெயரிட்டார். மரியான் நார்த்தின் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை, பெரிய கலைஞர். ஆனால் பாருங்கள். சில காலம் தங்கிப்போனவர் பெயர் மரத்துக்கு வந்தது. இங்கிலாந்தை விட்டு இங்கே வந்தே இராத செயலாளரின் பெயர் ஊருக்கு வந்தது. 13 ஆண்டுகள் அந்த மண்ணைக் கொத்திய பிள்ளைகளில் ஒருவர் பெயரும் அங்கே கல்லில் கண்ணில் படாது.

அவர்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது, மக்குவாவிலோ யாவோவிலோ நியாஞ்சாவிலோ. கப்பலில் கணக்கெடுத்தவர் தன் காதில் விழுந்தபடி ஒன்றை எழுதினார். பிறகு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வந்தது. இன்று சீஷெல்ஸில் எத்தனையோ பேருக்குக் குடும்பப் பெயரே ஒரு முதற்பெயர்தான். நம்மில் பலருக்கு அப்பா பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராகிவிட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது அலுவலகத் தொல்லை, விமான நிலையத்தில் ஐந்து நிமிட விளக்கம். அவர்களுக்கு அதற்கு முந்தைய தலைமுறைக்குப் போகும் கதவே அத்தோடு மூடிவிட்டது.

மொழியும் அப்படித்தான். இதே சர்ச் மிஷனரி சங்கத்தை நம் ஆட்கள் நன்றாக அறிவார்கள். திருநெல்வேலியில் 1820 முதல் ரேனியஸ் இருந்ததும், பாளையங்கோட்டைப் பள்ளிகளும் இந்தச் சங்கத்தின் வேலைதான். யாழ்ப்பாணத்தில் 1818-ல் வந்த யோசப் நைட், நல்லூரில் 1823-ல் தொடங்கிப் பின்னாளில் பரி யோவான் கல்லூரியான பள்ளி, எல்லாம் இவர்கள்தான். ரேனியஸ் தமிழ் இலக்கணம் எழுதினார். நைட் தொடங்கி வைத்த சொற்சேர்ப்பு பல கைகள் மாறி 1862-ல் வின்சுலோ அகராதியாக வந்தது. ஒரே சங்கம், ஏறத்தாழ ஒரே காலம். அங்கே பாதிரியார் முதலில் தமிழ் படிக்க வேண்டியிருந்தது. இங்கே பிள்ளைகள் முதலில் ஆங்கிலம் படிக்க வேண்டியிருந்தது.

பாதிரியார்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதல்ல விஷயம். நல்லூரில் ஒரு பாதிரியார் பிழையாகத் தமிழ் எழுதினால், திருத்தவும் திட்டவும் மறுப்பு நூல் போடவும் ஆள் இருந்தார்கள். ஆறுமுக நாவலர் இருந்தார். ஏடுகள் இருந்தன, நிலம் இருந்தது, பாட்டி இருந்தார். வென்ஸ் டவுன் பிள்ளைக்குப் பக்கத்துப் பாயில் படுத்த பிள்ளையே வேறு மொழிக்காரன். கனவில் பேசினால் புரிந்துகொள்ள ஆள் இல்லை. ஹென்றி வென் என்ற அந்த மனிதர், எந்த நாட்டுத் திருச்சபையும் தன் காலில் நிற்க வேண்டும், தன்னைத் தானே நடத்த வேண்டும் என்று வாதிட்டவர். அந்தக் காலத்துக்கு அது பெரிய சிந்தனை. ஆனால் சொந்தக் கால் வைக்க ஊரே இல்லாத பிள்ளைகளிடம் அந்தக் கொள்கைக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

என் மகள் இங்கே பள்ளிக்குப் போனவள். சீஷெல்ஸில் 1982 முதல் தொடக்கப் பள்ளியின் ஆரம்ப வகுப்புகளில் கிரியோலில்தான் பாடம். வீட்டில் என்னிடம் தமிழ், தோழிகளோடு கிரியோல், கணினியில் ஆங்கிலம். கோபம் வந்தால் கிரியோல்தான் வருகிறது. இதைப் பற்றி நாங்கள் எல்லோரும், இந்த அரங்கில் இருக்கும் நீங்களும், மாதம் ஒருமுறையாவது கவலைப்படுகிறோம், வகுப்பு நடத்துகிறோம். அந்தக் கவலை நியாயம்தான். அந்த இடிபாட்டில் நிற்கும்போது மட்டும், கவலைப்படவாவது ஒரு வீட்டுக்கு ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று தோன்றும்.

பள்ளி ஏன் மூடியது என்பது சுருக்கமான கதை. 1873-ல் சான்சிபார் சுல்தான் அடிமைச் சந்தையை மூட ஒப்புக்கொண்டார். பிறகு மீட்கப்பட்டவர்களை இறக்க மொம்பாசா அருகே ஃபிரீயர்டவுன் என்ற இடம் ஏற்பட்டது. இங்கே புதிதாகப் பிள்ளைகள் வருவது நின்றது. இருந்த பிள்ளைகள் வளர்ந்து கீழே இறங்கிப் போனார்கள், பலர் கத்தோலிக்கரானார்கள். பணமும் போதவில்லை. 1889-ல் கதவு சாத்தியாயிற்று. மலையில் மழை அதிகம், கூரை ஓடுகளையும் மரச்சட்டங்களையும் அது விட்டு வைக்காது. 2013-ல் இந்த இடம் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது.

சரி, எதுவும் மிஞ்சவில்லையா என்றால், மிஞ்சியது. ஆனால் பள்ளியில் கற்றது அல்ல. மூத்யா என்று ஒரு ஆட்டம் உண்டு. ஆட்டுத்தோல் மேளத்தை நெருப்பில் காய்ச்சி, இரவில் கடற்கரையில் ஆடுவது. பாட்டில் முதலாளியைக் கிண்டலடிப்பார்கள், அன்று நடந்த அநியாயத்தைச் சொல்லி அழுவார்கள். ஒரு காலத்தில் ஊருக்குள் இரவில் மேளமடிக்கத் தடை போட்டிருந்தார்கள். பாதிரியார்களுக்கும் பிடிக்காது. 2021-ல் அதே மூத்யா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது.

நம் பங்கும் மிஞ்சியிருக்கிறது, வேறு வகையில். இங்கே சந்தையில் முருங்கைக் கீரையைக் கேட்க வேண்டுமானால் 'பிரெட் முரும்' என்று கேட்க வேண்டும். முரும் யார் வீட்டுச் சொல் என்று நான் சொல்லத் தேவையில்லை. சுறா மீனில் செய்வது 'சத்தினி'. தேங்காய்ப்பாலில் வைப்பது 'கறி கோக்கோ'. கடைப் பலகைகளில் பிள்ளை, படையாச்சி, நாயக்கன், செட்டி என்று பெயர்கள். தமிழ் தெரியாத பிள்ளைகளும் படையாச்சிகளும் ஏராளம். விக்டோரியா நடுவில் 1992-ல் எழுந்த நவசக்தி விநாயகர் கோயில் கோபுரம் ஊருக்கே அடையாளம்.

இந்தப் பெருமையைப் பேசும்போது எங்கள் கூட்டங்களில் தவறாமல் ஒரு செய்தி சொல்லப்படும். 1770-ல் இந்தத் தீவுக்கூட்டத்தில் முதன்முதலாகக் குடியேறிய கூட்டத்திலேயே ஐந்து தமிழர்கள் இருந்தார்கள் என்று. கைதட்டல் எழும். அந்தக் கணக்கை முழுதாகப் படிக்க வேண்டும். தெலெமாக் என்ற கப்பல் அந்த ஆண்டு ஆகஸ்டில் சாந்தான் தீவில் 28 பேரை இறக்கியது. 15 வெள்ளையர், 7 அடிமைகள், 5 'மலபார்கள்', ஒரு கறுப்பினப் பெண். மலபார் என்று பிரெஞ்சுக்காரர் எழுதினால் பெரும்பாலும் தமிழர்தான். ரியூனியனில் இன்றும் நம்மவர்களை மல்பார் என்றே சொல்கிறார்கள். ஆகவே ஐந்து பேரையும் நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். நாம் ஐந்தோடு நிறுத்திக் கைதட்டுகிறோம். அதே வரியில் ஏழு பேரும், எண்ணிக்கையில் கடைசியாக ஒட்டிவைத்த அந்த ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். அவர்களும் அதே நாளில்தான் இறங்கினார்கள். முதலில் வந்தவர்கள் என்ற பெருமை அவர்களுக்கும் உண்டென்று நம் மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இனி நான் பேசும் கூட்டங்களில் 28 பேரையும் சொல்வது என்று வைத்திருக்கிறேன். சங்கத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

இந்தச் சங்கத்தின் கைகளில் வளர்ந்த பிள்ளைகளில் பெயர் தெரிந்தவர்களும் உண்டு, வேறு ஊரில். நாசிக் அருகே சரண்பூரில் இதே சங்கம் மீட்கப்பட்ட ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு குடியிருப்பு வைத்திருந்தது. அங்கே படித்த ஜேக்கப் வெயின்ரைட், லிவிங்ஸ்டன் இறந்தபோது அவர் உடலைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து கடற்கரைவரை நடந்த குழுவில் ஒருவர். 1874-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கத்தின்போது சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் அவரும் ஒருவர். எழுதத் தெரிந்திருந்ததால் நாட்குறிப்பு எழுதினார், அதனால் நமக்கு அவரைத் தெரிகிறது. வென்ஸ் டவுனிலும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏதாவது ஒரு கடிதம், ஒரு பயிற்சித் தாள் எங்காவது ஒரு பெட்டியில் இருக்கலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

விக்டோரியாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் கப்பல்களிலிருந்து இறக்கப்பட்டவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், வயது, கொண்டுவந்த கப்பல். பெயர் பிழையாக இருக்கும், வயது குத்துமதிப்பாக இருக்கும். தங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடும் சீஷெல்ஸ்காரர்களுக்கு இருக்கும் ஒரே நூல் அதுதான். தேடித் தேடி ஒரு பெயரில் விரல் வைத்துவிட்டால், அடுத்து மலைக்குப் போய் அந்தச் சுவர்களைப் பார்க்கலாம்.

இங்கே வருகிறவர்கள் காலையில் போங்கள். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் மண்டபத்திலிருந்து ஒன்றும் தெரியாது, சுவர்கள் மட்டும் தெரியும். கேள்விகள் இருந்தால் பேசலாம்.